பாஸ்டர் மேப்ரியின் இரண்டு நிமிடம்

ஹோரஸ் மேப்ரிக்கு இரண்டு உத்தியோகம். திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்கூல் பஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் நீபோ சபையில் பிரசங்கம் செய்வார். பஸ் ஓட்டுகிற மேப்ரி வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். பிரசங்க மேடையில் ஏறிய மேப்ரியைப் பார்த்தாலோ, கடிகாரமே தலையில் அடித்துக்கொள்ளும். ஒரே ஆளுக்குள் இந்த இரண்டு பேரும் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது மார்லோ பெண்ட் ஊரின் கிழக்குத் தெருக்களில் இருக்கிற கறுப்பு ஜனங்களான எங்களுக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

மனுஷன் தங்கம், அதில் சந்தேகமில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளில் எது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஒன்றும் கேட்கமாட்டார், சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். கொடுத்ததை அதோடு மறந்தும்விடுவார்.

ஆனால் பிரசங்கத்தில் ஏறத் தெரியுமே தவிர அவருக்கு இறங்கத் தெரியாது. மெதுவாக ஆரம்பித்து, குரல் ஏறி, வியர்வை வழிந்து, துண்டால் துடைத்துக்கொண்டு உச்சிக்குப் போய்விடுவார். அங்கிருந்து அவரைத் தரைக்குக் கொண்டுவரத் தெரிந்த ஒரே ஆள் ஆர்கன் வாசிக்கிற ஐடெல்லா டாலிவர். பாஸ்டர் சொல்லுகிற ஒவ்வொரு வரிக்கும் கீழே ஐடெல்லாவின் இசை ஓடிவரும். போதும் என்று அந்தம்மாவுக்குத் தோன்றியதும் ஒரு மாதிரி தணித்து வாசிப்பார். உடனே பாஸ்டரின் குரலும் தணியும். "ஆமென்" என்று உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டுக் கூடத்தில் பொரித்த கோழி ஆறிப்போகாமல் இருந்தால் அது ஐடெல்லாவின் புண்ணியம். "எஞ்சின் இவரு, பிரேக் அந்தம்மா" என்பது பாஸ்டரின் மனைவி வெர்னெலின் தீர்ப்பு.

ஐடெல்லாவின் மகன் டெரல் அதே சபையில் டிரம்ஸ் வாசிக்கிறவன். போன வருஷம் ஒரு நாள் பாட்டுப் பயிற்சி முடிந்து டிரம்ஸைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவனை ஊர்ப் போலீஸ் நிறுத்தியது. இதெல்லாம் யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றான். ஒரு கறுப்புப் பையன் காரில் இத்தனை சாமான் இருந்தால் அது திருட்டுச் சாமானாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. இறங்கச் சொல்லி இழுத்தபோது போலீஸ்காரனின் டார்ச் லைட் இடது காதோடு சேர்த்து விழுந்தது. அந்தக் காது அதோடு போயிற்று. புகார் கொடுத்தார்கள், புகாரை விசாரித்ததும் அதே போலீஸ்தான். தவறு எதுவும் நடக்கவில்லை என்று பதில் வந்தது. பாலுக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பால் குறைந்தது ஏன் என்று விசாரிக்கவும் பூனையையே அனுப்பினார்கள்.

மவுண்ட் நீபோவில் செய்ய முடிந்தது ஒன்றுதான். மேடைக்கு அந்தப் பக்கம் இருந்த டிரம்ஸை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டார்கள். பையனின் நல்ல காது ஆர்கன் இருக்கிற பக்கம் இருக்கட்டும் என்று.

ஆனால் பாஸ்டர் மேப்ரியால் அதோடு விட முடியவில்லை. ஊரிலிருந்த கறுப்புப் போதகர்களையெல்லாம் சேர்த்தார். போலீஸ் மேல் வருகிற புகாரைப் போலீஸ் அல்லாத பொதுஜனக் குழு விசாரிக்க வேண்டும். யாரையும் கூப்பிட்டுக் கேட்கிற அதிகாரமும் அதற்கு வேண்டும் என்று நகர மன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். பேச விரும்புகிறவர்கள் வந்து பேசலாம் என்றது மன்றம். ஆளுக்கு இரண்டு நிமிடம். மணி அடித்தால் மைக் செத்துவிடும்.

முதல் கூட்டத்துக்குக் கிளம்பும்போது வெர்னெல் அவருடைய கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"ரெண்டு நிமிஷம்தான். காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. தெனம் நேரத்துக்குப் பஸ் ஓட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"பஸ்ஸுல உங்க கையில மைக் இல்ல. அதான் நேரத்துக்குப் போகுது."

சிரித்துக்கொண்டே போனார். போய் நின்றார். எங்கள் சபைகளில் எவர் எழுந்து பேசினாலும் முதலில் கனம் செலுத்த வேண்டும். அதை விட்டுவிட்டுப் பேசுகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். மேப்ரிக்கு அது தாய்ப்பாலோடு வந்த மரியாதை. "என் ஜீவனுக்குத் தலைவரான கர்த்தருக்கு மகிமை" என்று தொடங்கினார். மன்றத் தலைவிக்குக் கனம் என்றார். மன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் கனம் என்றார். குறிப்பெடுக்கிற பெண்ணுக்கு, உடன் வந்த போதகர்களுக்கு, அவர்கள் வீட்டம்மாக்களுக்கு, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ் தலைமை அதிகாரிக்கு, வாசலில் நின்ற காவலர்களுக்கு என்று ஒருவரையும் விடவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப நான் சொல்ல வந்தது என்னன்னா" என்றார்.

மணி அடித்தது.

அவருடைய உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் யாரோ "ஐயையோ பாஸ்டர்" என்றார்கள். போலீஸ் தலைமை அதிகாரி புன்னகையோடு தலையசைத்து, தமக்கு வந்த கனத்தை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் சபையில் வழக்கம்போல உச்சிக்கு ஏறினார். ஐடெல்லா தணித்து வாசிக்கவேயில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிப்பதுபோல வந்து பாஸ்டர் மறுபடி ஏறினார். மறுபடி வந்தார், மறுபடி ஏறினார். குழந்தைகள் தூங்கிப்போயின. கடைசியில் வெர்னெல் எழுந்து, "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டதால் சபை பிழைத்தது.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு பாஸ்டர் ஆர்கன் பக்கம் வந்தார். ஐடெல்லா, ஆர்கனின் மிதிகட்டைகளை மிதிக்கவென்று வைத்திருந்த செருப்பைக் கழற்றி வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர், இன்னிக்கு என்னய அந்தரத்துல விட்டுட்டீங்க?"

"நீங்க என்னய அன்னிக்கே விட்டுட்டீங்களே பாஸ்டர்."

பாஸ்டர் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"எல்லாத்துக்கும் கனம் குடுத்தீங்க. வாசல்ல நின்ன போலீஸுக்குக் குடுத்தீங்க. அவனுக்கு மேல உள்ளவனுக்குக் குடுத்தீங்க. எம்புள்ளைக்குன்னு துளி மிச்சம் வைக்கலியே."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆர்கனின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்புதான். மன்னிச்சுக்கங்க," என்றார் பிறகு. "அடுத்த கூட்டத்துல மன்றம் இதுக்கு ஓட்டுப் போடுது. நீங்களே பேசுங்க."

"நானா? மைக்கப் பாத்தாலே எனக்குப் பேச வந்தது மறந்துரும். பேசுறது உங்க வேல."

"என் வேலய நான் பாத்த லட்சணத்தத்தான் நீங்க பாத்தீங்களே!"

ஐடெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் சம்மதித்த மாதிரியும் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை போதகர்கள் கூடிப் பொரித்த மீனும் சோளக் கஞ்சியும் சாப்பிடுகிற வழக்கம். அங்கே பிஷப் ஸ்டிரிக்லண்ட் மேப்ரிக்காகவே காத்திருந்தார். பெரிய சபை, பெரிய உருவம், பெரிய குரல். வாக்கெடுப்பு அன்று தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டு, தம் பேச்சைப் பெரிய எழுத்தில் அச்சடித்தே வைத்திருந்தார்.

"வாங்க மேப்ரி! கனமெல்லாம் தீந்துருச்சா, இன்னும் பாக்கி இருக்கா?"

"தீந்துருச்சு பிஷப். உங்களுக்குக் குடுத்தத மட்டும் திருப்பிக் குடுத்தீங்கன்னா சமாளிச்சுக்குவேன்."

மேசையே குலுங்கிச் சிரித்தது. சிரித்து முடித்ததும் யார் முதலில் பேசுவது என்று சண்டை. போதகர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வீடு பற்றி எரிந்தாலும் மைக்கை வைத்துவிட்டு வெளியே ஓடுகிற ஜாதி இல்லை. ஐடெல்லாதான் முதல், பிஷப் அடுத்து, மற்றவர்கள் அதற்குப் பின் என்று தீர்ப்பதற்குள் கஞ்சி ஆறிவிட்டது. மேப்ரி தம் பெயரைக் கொடுக்கவில்லை.

வாக்கெடுப்பு நாளில் மன்றம் நிரம்பி வழிந்தது. கை தட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது, மீறினால் வெளியே அனுப்புவோம் என்று தலைவி முதலிலேயே சொல்லிவிட்டார். ஐடெல்லா மைக் முன்னால் போய் நின்றார். டெரல் முதல் வரிசையில் தலையைச் சாய்த்து, நல்ல காதை அம்மா பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என் பேரு ஐடெல்லா டாலிவர்," என்றார். "என் மகன்..."

அதற்கு மேல் வரவில்லை. மைக் இருந்த மேசையின் மேல் விரல்கள் ஆர்கன் கட்டைகளைத் தேடுவதுபோல அசைந்தன. சுவரில் நேரம் காட்டுகிற சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

சபையில் ஒருவர் பேச வந்து தடுமாறி நின்றால் நாங்கள் சும்மா இருக்கமாட்டோம், குரல் கொடுத்துத் தேற்றுவோம். அது ரத்தத்தில் ஊறியது. மேப்ரி தம்மை அறியாமல் எழுந்துவிட்டார்.

"ஆற அமரச் சொல்லு தாயி! ஒரு அவசரமும் இல்ல!"

நிமிடக் கணக்கில் பேச்சை அளந்து ஊற்றுகிற இடத்தில் சொல்லுகிற பேச்சா இது? தலைவி சுத்தியலால் தட்டினார். வாசலில் நின்ற புரூயிட் என்ற காவலன் வந்து பாஸ்டரின் முழங்கையைத் தொட்டான்.

"வாங்க ரெவரெண்ட். வெளிய போவோம்."

"நான் என்ன தம்பி கெட்ட வார்த்தையா சொல்லிட்டேன்?"

"இல்லதான். வாங்க."

புரூயிட் சின்னப் பையனாக இருந்தபோது மேப்ரியின் பஸ்ஸில் போனவன். வெளியே வந்ததும் அவன் கதவை முழுக்கச் சாத்தவில்லை. பூட்ஸ் முனையை இடுக்கில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி சுவரைப் பார்த்தான்.

உள்ளே மணி அடித்தது. மேப்ரி நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டார். ஒரு தாய்க்கு இரண்டாம் தடவையும் துரோகம் செய்துவிட்டோமே என்று தம்மையே நொந்துகொண்டார்.

பிஷப் ஸ்டிரிக்லண்டைக் கூப்பிடுவது கேட்டது. அவருடைய கனத்த காலடி கேட்டது. ஐடெல்லா மைக்கை விட்டுத் திரும்புகிற காலடி மட்டும் கேட்கவில்லை.

"அம்மா, என் நேரத்த இந்தத் தங்கச்சிக்குக் குடுக்குறேன்," என்றது பிஷப்பின் குரல்.

"விதியில அதுக்கு இடமில்லைங்க, பிஷப்," என்றார் தலைவி.

"அப்படியா? அப்ப என் ரெண்டு நிமிஷமும் நான் வாய மூடிட்டு இங்க நிக்குறேன். பக்கத்துல நிக்கிற பொம்பள ஏதாவது பேசினா, நான் வயசானவன், என்னால தடுக்க முடியாது."

மேப்ரி சுவரிலிருந்து நெற்றியை எடுத்தார். ஸ்டிரிக்லண்டா மைக்கை விட்டுக்கொடுத்தார்? அச்சடித்த பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டா? செங்கடல் பிளந்ததை நம்புகிறவருக்கு இதை நம்புவது கஷ்டமாக இருந்தது.

பிறகு ஐடெல்லாவின் குரல் வந்தது. சன்னமாக வந்தது, ஆனால் நிற்கவில்லை.

"என் மகன் இன்னும் டிரம்ஸ் வாசிக்கிறான். ஆனா நடுநடுவுல திரும்பி என் கையப் பாப்பான். முன்னெல்லாம் பாக்கமாட்டான். பாட்டுல நான் எங்க இருக்கேன்னு காதுலயே தெரியும் அவனுக்கு. இப்ப கண்ணால தேடுறான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவன் தேடுறத நான் பாக்க வேண்டியிருக்கு."

மணி அடித்தது. அடுத்த போதகர் பெயர். "என் நேரமும் அவங்களுக்கே." அடுத்தவர். "என்னோடதும்." சண்டை போட்டு வரிசை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து, அதை மட்டும் சொல்லிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"யாரையும் தூக்குல போடச் சொல்லல," என்றார் ஐடெல்லா. "அடிச்சவனோட அண்ணன் தம்பியா இல்லாத ஒருத்தர் வந்து, ஏம்ப்பா அடிச்சேன்னு கேக்கணும். எங்க வீட்டு நாய அடிச்சாக்கூட நான் தெருவுல போய்க் கேப்பேனே. எம்புள்ளைக்காக யாரும் கேக்கலியே."

குரல் உடைந்தது. மேப்ரியின் வாய் தானாகத் திறந்தது. புரூயிட் உதட்டில் விரல் வைத்தான். அதற்குள் உள்ளே இருந்து ஒரு குரல், பிறகு பத்து, பிறகு கூடமே சேர்ந்து, "ஆற அமரச் சொல்லு தாயி!" என்றது. சுத்தியல் சத்தம் கேட்கவில்லை. அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டு யாருக்காகக் கூட்டம் நடத்துவது?

ஐடெல்லா முடித்தபோது கடைசிப் போதகரின் நேரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இன்னும் நேரம் இருக்கேம்மா?" என்றார் தலைவி.

"மிச்சத்த எங்க பாஸ்டருக்குக் குடுத்துருங்க. பாவம், வாசல்ல நிக்குறாரு."

கூடம் சிரித்தது. இந்த முறை தலைவி விதியைத் தேடவில்லை, கையை அசைத்தார். அன்று தீர்மானம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தேறியது, போலீஸ் தலைமை அதிகாரி யாருக்கும் கை கொடுக்காமல் கிளம்பினார், எல்லாம் உண்மைதான். ஆனால் அது பிறகு. புரூயிட் கதவை அகலத் திறந்ததும் மேப்ரி உள்ளே வந்தார். பிஷப் உட்பட எல்லாப் போதகர்களும் அவரைப் பார்த்தார்கள். வெர்னெல் இரண்டு கைகளையும் கோர்த்துக்கொண்டு வெளிப்படையாகவே ஜெபம் செய்தார்.

"என் ஜீவனுக்குத் தலைவரான கர்த்தருக்கு மகிமை," என்றார் மேப்ரி.

பின்வரிசையில் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"டெரல் டாலிவருக்குக் கனம்."

அவ்வளவுதான். மைக்கை விட்டு நகர்ந்துவிட்டார். சுவரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, மணி அடிக்கவில்லை. டெரல் நல்ல காதைத் திருப்பியபடியே குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த ஐடெல்லா, அவனுக்கும் தமக்கும் நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பாஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

"தானா இறங்கிட்டீங்களே பாஸ்டர்," என்றார் ஐடெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு.