புழு பூச்சி

ஆதிகாலப் பூச்சிகளை ஆராய்வது என் வேலை. சிங்கப்பூர் தேக்காவில் எனக்கு ரவிக்கை தைக்கும் செல்வி அக்காவிடம் ஒருநாள் பெருமையாக ஒன்றைக் காட்டினேன். கல்லாய் இறுகிய மரப்பிசின் துண்டுக்குள் ஒரு பூச்சி.

"வெறும் புழு பூச்சிதான்க்கா. ஆனா வயித்தைப் பாருங்க, எத்தனை முட்டை! கோடிக்கணக்கான வருஷமா அப்படியே இருக்கு."

தையல் மெஷின் நின்றது.

"பன்னிரண்டு வருஷமா என் மாமியார் இதையேதான் கேக்குறாங்க, வயித்துல ஒரு புழு பூச்சிகூட இல்லையான்னு."

பள்ளியில் மட்டும் தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல்லின் முள் தெரிந்திருக்கவில்லை.

அக்கா துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாவம் லா. இதுவும் பெத்துக்கல."

அந்த முட்டைகளை நான் எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். ஒன்றுகூடப் பொரியவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.