லூயிசாவின் டோக்கன் பலகை

லூயிசா மவுஸைத் தட்டி 'மைசூர் மைன்ஸ்' என்ற ஃபோல்டரைத் திறக்கிறார். அதற்குள் ஷாஃப்ட், அதாவது சுரங்கக் குழி. அதற்குள் லெவல், குழியின் ஆழத் தட்டு. அதற்கும் உள்ளேதான் ஆளின் பெயர். ஒவ்வொன்றும் திறக்கும்வரை கையை மடியில் வைத்துக்கொள்கிறார். ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்க வந்த எனக்குப் பொறுமை போய்விடுகிறது. "இன்னா அவசரம்? சுரங்கத்துக்குள்ள ஆள ஏத்திக்கினு கேஜ் இறங்குதில்ல, நடுவுல குதிக்கவா முடியும்?" என்கிறார், திரும்பாமலே.

ஆண்டர்சன்பேட்டையில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், தூசிக்கு அதன்மேல் ஒரு பழைய புடவைத் துண்டு. இருபத்திரண்டு வருஷம் தங்கச் சுரங்கத்து டைம் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர். இந்த வருஷம் சுரங்கத்தை மூடியதிலிருந்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லாதீர்கள் என்று கேட்பவர்களுக்கு மனு அடித்துத் தருகிறார். கூட்டத்துக்குக் குறைவில்லை.

நடுவில் சில மாதம் இப்படி ஃபோல்டர் ஃபோல்டராக இறங்குகிற வேலை இல்லாமல் இருந்தது. தினமும் ரயிலில் பெங்களூர் ஆபீஸுக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பல்லவி, "ஒவ்வொரு தபாவும் ஏன் ஆன்ட்டி இவ்ளோ தூரம் போறீங்க? ஷார்ட்கட் போட்டா எல்லாம் முன்னாடியே நிக்கும்" என்று திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்களைப் பரப்பிக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். "நம்ம டோக்கன் போர்டு மாதிரியே கீதும்மா" என்று லூயிசா பூரித்துப் போனார். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். அது பலகையில் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த நம்பிக்கைதான் கெடுத்தது.

ஜூலையில் வைரஸ் புகுந்து, கம்ப்யூட்டரை முழுக்க அழிக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் திரையில் இருந்த அறுபத்துமூன்று பெயர்களையும் காப்பி எடுத்தார். "ஒரே ஃபிளாப்பியில அத்தினி பேரும் வந்துட்டாங்க!" என்று என்னிடம் பெருமை வேறு. எனக்காவது சந்தேகம் வந்திருக்கலாம். வந்தவை ஷார்ட்கட்டின் பெயர்கள் மட்டும்தான். ஃபைல்கள் அத்தனையும் உள்ளேயே அழிந்துபோயின.

மற்றவர்களின் மனுக்களைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப அடித்துவிட்டார். தங்கவேலுவை எங்கே போய்க் கேட்பது? மனு எழுத வந்த அவர், பாறையில் துளை போடும் டிரில்லர், நான்கு நாள் இருமிக்கொண்டே உட்கார்ந்து, நிலத்துக்கடியில் கழிந்த முப்பது வருஷத்தையும் சொன்னார். லூயிசாவும் ஒரு வார்த்தை விடாமல் அடித்தார். "இன்னும் ஒரு லெவல் பாக்கி கீது, அதையும் சொல்லிட்டு பிரிண்ட் எடுத்துக்கறேன்" என்று போனவர் அந்த வாரமே இறந்துவிட்டார்.

"டோக்கன எடுத்துக்கினு வந்துட்டேன், ஆள உள்ளயே உட்டுட்டேன்" என்கிறார் லூயிசா. தங்கவேலுவின் மனைவியிடம் இதைச் சொல்ல வாய் வராமல், ஒரு மாதமாக நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

என் பக்கம் பிரிண்ட் ஆகி முடிந்தபோது தங்கவேலுவின் மனைவி சரோஜம்மா வாசலில் நின்றார்.

"அவரு சொன்னத ஒருவாட்டி படிச்சிக் காட்டேன், லூயிசா. எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல அந்த மனுசன்."

லூயிசா ஃபிளாப்பியைப் போட்டு, தங்கவேலுவின் பெயரைத் தட்டினார். ஒரு பெட்டி விரிந்து, அதில் ஒரு சின்ன டார்ச் இப்படியும் அப்படியும் அலைந்தது.

"இன்னாத்த தேடுது?"

"அவரத்தான்க்கா. நாந்தான் தொலைச்சிட்டேன்."

சரோஜம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் நின்றது. அவர் ஃபைல் இல்லை, கிட்டத்தட்ட அதைப்போல் வேறொன்று இருக்கிறது, போதுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. லூயிசா வேண்டாம் என்று அழுத்திவிட்டு, அதே பெயரை மறுபடியும் தட்டினார்.