மாத்திரைக்கும் ஒரு ஜெபம்

ஞாயிறு ஆராதனையில் பாட்டு மேலே ஏறும் இடத்தில் எனக்கு இருமல் வந்தது. பாடகர் குழுவில் என் குரல்தான் ஓங்கிக் கேட்கும் என்ற கர்வம் எனக்குண்டு. கைக்குட்டையில் இரத்தத்தைப் பார்த்ததும் அந்தக் கர்வம் போன இடம் தெரியவில்லை.

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை (துப்பும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். காசநோய் (பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் தொற்று).

“ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும். இருமல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அப்புறம் நோய் மருந்துக்கே அடங்காது,” என்றார் டாக்டரம்மா.

சில வாரங்களிலேயே இருமல் அடங்கியது. பசி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைவிட என் அக்காவுக்குத்தான் சந்தோஷம். அம்மா போனபின் என்னை வளர்த்தவள் அவள். ஜெபத்துக்கு நான் முழங்காலில் நிற்கக் கற்றதே அவளைப் பார்த்துத்தான். எனக்காக உபவாசம் இருந்து, வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள், அந்த ஞாயிறே எங்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டாள்.

“எந் தங்கச்சிக்கு ஆண்டவர் பூரண சொகம் தந்துட்டாரு!”

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. எங்கள் பக்கம் சாட்சி சொன்னால் சொன்னதுதான். பூரண சுகம் பெற்றவள் மறுநாள் மாத்திரை தின்றால் யார் பொய்யர்? அக்காவா, ஆண்டவரா?

“ஏட்டி, இனி அதத் தொடாத. தொட்டா நீ நம்பலன்னுலா அர்த்தம்,” என்றாள் அக்கா.

மறுநாள் காலை மாத்திரைகளோடு அடுப்படியில் நின்றேன். விழுங்கினால் விசுவாசம் போகும், விழுங்காவிட்டால் உயிர் போகும். ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. இனி ஆலயப் பக்கமே போவதில்லை என்றுகூட நினைத்தேன்.

என் கணவர் விசைத்தறி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு, ஜெபமும் இரண்டு வரிதான். அதனாலேயே அவர் விசுவாசத்தின்மேல் அக்காவுக்குச் சந்தேகம். அவர் என் கையைப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்து, மாத்திரைகளை அதில் போட்டுக் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, நீர் தந்த இந்த மாத்திரைய ஆசீர்வதியும். ஆமென்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “மாத்திரைக்கு யாராவது ஜெபம் பண்ணுவாங்களா?”

“சோத்துக்குப் பண்ணுதோம்லா? ஜெபம் பண்ணியாச்சேன்னு சோத்த விட்டுருதோமா? தின்னுட்டி.”

தின்றேன். அந்த ஒரு வாய்த் தண்ணீரோடு என் ஆண்டவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார்!

நான் தின்றதைப் பார்த்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போனாள். போன் போட்டாலும் எடுக்கவில்லை. நோயைவிட அது வலித்தது. இதே மாத்திரையைத் தின்றுகொண்டிருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்: உங்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர்களால்தான் உங்கள் விசுவாசத்தை அசைக்கவும் முடியும். அதற்காக அவர்களை வெறுத்துவிடாதீர்கள். மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்து எடுத்த கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை! ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பாட ஆரம்பித்துவிட்டேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். முன்பெல்லாம் எனக்கு ஒரு ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறுதான் கணக்கு. இப்போது இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் தெரிகிறது.

சேதி எப்படியோ எட்டி, அன்று சாயங்காலம் அக்கா வந்து நின்றாள். அவளுக்குப் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்து ரொம்ப நாளாகிறதாம். ஒன்றைக்கூடத் தின்றதில்லையாம். பையிலிருந்து ஒன்றை எடுத்து, எங்கள் தட்டில் போட்டாள்.

“தம்பி, நீங்களே பண்ணுங்க. ரெண்டு வரி போதும்.”

என் கணவர் ஜெபம் பண்ணினார். நான் ‘ஆமென்’ சொன்னேன், பாட்டு ஏறும் அந்த உச்சத்தில். இருமல் வரவில்லை.