பூனைமுதுகு ஒயின்

ஓதீலுக்கு வாயும் பெரிது, சட்டென்று அடிக்கக் கையும் நீளும். ஷாம்பேன் சீமையில், மலையடியில் இருக்கும் எங்கள் ஊரில் அவளிடம் அடி வாங்காதவன் ஒருவன் இருந்தால், அவன் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். அவள் கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் ஆற்றங்கரைத் தோட்டத்து ஒயினை ஊற்றி, "உங்க தோட்டத்து சரக்குதான், குடி" என்று நீட்டினான். ஒரு வாய் குடித்தாள். மிச்சத்தை அவன் மூஞ்சியில் அடித்தாள், கோப்பையோடு சேர்த்து. தழும்பு இன்றைக்கும் அவன் நெற்றியில் இருக்கிறது.

அவள் தோட்டத்துக்குப் பூனைமுதுகு என்று பெயர். வடக்குப் பார்த்த சரிவு, உச்சியில் காடு. சாயங்கால வெயிலைக் காடே முழுங்கிவிடும். ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை இடிக்கும். கீழே ஆற்றங்கரைக் களிமண்ணில் பழம் சீக்கிரமே கொழுத்துவிடும். பூனைமுதுகில் அது குளிரில் நடுங்கிக்கொண்டு, ஊரே அறுவடை முடித்த பிறகுதான் பழுக்கும். அந்த நடுக்கம் ஒயினிலும் இருக்கும். முதலில் பல் கூசும் புளிப்பு, அப்புறம் நனைந்த சுண்ணாம்பு வாசம், விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் துளி உப்பு. "ஆத்தங்கரை ஒயின் ஆளைத் தூங்க வைக்கும். எங்களது தூங்கறவனை எழுப்பி அறையும்" என்பாள் ஓதீல். புருஷன் ஃபிர்மின் பக்கத்தில் நின்று, "இவளை மாதிரியே" என்பான். அதற்கும் ஒரு குத்து விழும்.

1911 ஏப்ரலில் இந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. முந்தைய வருஷத்துப் பழம் மொத்தமும் மழையில் அழுகியிருந்தது. ஓதீலுக்கு மிஞ்சியது அதற்கும் முந்தைய வருஷத்து ஒயின், ஆறு பீப்பாய். வீட்டு நிலவறையில் தண்ணீர் ஏறியதால் தன் அண்ணன் வீட்டில் வைத்திருப்பதாக ஃபிர்மின் சொல்லியிருந்தான். நல்ல வியாபாரி வந்தால் எங்கள் மலையின் பெயரிலேயே விற்கலாம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் வொக்லேன் என்ற வியாபாரி தெற்கேயிருந்து ரயிலில் மலிவு ஒயினை இறக்கி, எங்கள் மலைப் பெயரை ஒட்டி விற்க ஆரம்பித்தான். வயிறு எரியாதா? ஊரே எரிந்தது.

தெற்கத்தி ஒயினுக்குப் புளிப்பு ஏற்ற அவனுக்கு எங்கள் ஒயினும் கொஞ்சம் வேண்டியிருந்தது. இலேர் என்பவன் அவனுக்கு விற்றான். ஊர் திரண்டு போய் இலேரின் விலா எலும்பை உடைத்தது. அவன் கொடிகளை அடியோடு வெட்டிப் போட்டது. முதல் கோடாரி வெட்டு ஓதீலுடையது. இலேரின் பெண்டாட்டி காலைப் பிடித்துக் கதறியும் அவள் நிறுத்தவில்லை.

மறுவாரம் வொக்லேனின் கிடங்குக் கதவை உடைத்தார்கள். முன்னால் நின்றவன் பசீல், முரட்டுப் பயல். "யக்கா, நீ ருசி பாத்துச் சொல்லு. வெளியூர் சரக்குன்னா உடைப்போம். நம்ம சரக்குன்னா வித்த நாயைத் தேடிப் பிடிச்சு அவனை உடைப்போம்" என்றான்.

ஓதீல் ஒவ்வொரு பீப்பாயாகக் குடித்துத் துப்பினாள். "வெயில் தின்ன ஒயின். உடை!" பீப்பாய்கள் வெடித்தன. கணக்குப்பிள்ளையை மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். அவன் பல் ஒயினோடு சேர்ந்து சாக்கடைக்குப் போயிற்று. கணுக்கால் அளவு ஒயினில் நின்று ஜனம் ஊளையிட்டது.

பின்சுவர் ஓரம் ஆறு பீப்பாய் இருந்தன. மேலிருந்த அடையாளத்தைச் சுரண்டியிருந்தார்கள். ஃபிர்மின் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். "இதையும் எதுக்கு ருசி பாக்கணும்? எல்லாம் ஒண்ணுதான். உடைச்சிட்டுப் போவோம், வா."

"கையை எடுய்யா" என்று அவனைத் தள்ளிவிட்டுக் குடித்தாள்.

பல் கூசியது. நனைந்த சுண்ணாம்பு வாசம் வந்தது. விழுங்கினாள். நாக்கின் ஓரத்தில் உப்பு.

திரும்பி ஃபிர்மினைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டில் மாவு தீர்ந்து எத்தனை நாளாயிற்று, அப்புறம் எங்கிருந்து ரொட்டி வந்தது என்று அவள் கேட்டதே இல்லை. பாவி, கேட்டிருக்கலாம்.

"என்னக்கா, முழுங்கிட்ட? துப்பலியே?" என்றான் பசீல். "எங்க, நானும் ஒரு வாய் பாக்கறேன்." கையைக் குவித்துக்கொண்டு குனிந்தான்.

ஓதீல் கோடாரியை ஓங்கினாள். அவன் விரலுக்கு நூலிழை தள்ளிப் பீப்பாய் பிளந்தது. "தெற்கத்திச் சனியன்டா! இதுல ருசி பாக்க என்ன இருக்கு?" என்று கத்தினாள். இரண்டாவதை உடைத்தாள். மூன்றாவதை உடைத்தாள். உதவிக்கு வந்தவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு ஆறையும் தானே உடைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியதை, ஒயின் தெறித்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"யக்கா நாக்கு பொய் சொல்லாது!" என்று பசீல் கூவினான். அதற்குள் கலவரத்தை அடக்கக் குதிரைப்படை வந்துவிட்டது. வாளின் தட்டைப் பக்கத்தால் ஓதீலின் தோளில் ஓர் அடி விழுந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். கோடாரிக் காம்பால் ஃபிர்மினை அடித்தாள். அவன் தடுக்கவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. காம்பு உடைந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

"இலேர் கொடியை நான்தான்யா வெட்டினேன்" என்றாள். "அவன் வீட்லயும் மாவு இல்லாம இருந்திருக்கும்."

ஃபிர்மின் முறிந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பீப்பாயில் ஊற்றிய நாளுக்குப் பிறகு அவன் அந்த ஒயினை வாயில் வைத்ததே இல்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

ஓதீல் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"இதுவரைக்கும் வந்ததுலயே அதுதான்யா நல்லா இருந்துச்சு."