வெர்னாவின் லீவர்

அமெரிக்காவில் கார்த் தொழிற்சாலைகளால் வளர்ந்த எங்கள் ஃபிளின்ட் ஊரில் கடவுளுக்கு அடுத்தபடியான பக்தி, பெரிய எஞ்சின் பூட்டிய பழைய மசில் கார்கள் மீதுதான். கார் சங்கத்தார் அவற்றைத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே ஆக்கி வைப்பார்கள். அன்று அவசரத்தில் பெயிண்ட் வழிந்திருந்தால், இன்று அதே இடத்தில் அதே அளவுக்கு வழியவிட ஆள் வைப்பார்கள். அந்த அவசரத்தில் வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

வெர்னா சீலின்ஸ்கி அப்படி வேலை செய்தவள். பத்தொன்பது வயதில் கார்த் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் பகுதியில் சேர்ந்தாள். மறுவருஷம், 1970இல், சிவப்புக் கார் ஒன்றை வாங்கினாள். மூன்று வருஷம் கழித்து பிரஸ் அவளுடைய வலது பாதத்தை வாங்கிக்கொண்டது. உடன் வேலை செய்தவர்கள் மதிய இடைவேளைகளில் பழைய இரும்பை வளைத்து, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்க ஒரு லீவர் செய்து மாட்டினார்கள். இன்றுவரை அதில்தான் ஓட்டுகிறாள்.

போன கோடையில் அவள் தம்பி கேஸ் அந்தக் காரைக் கண்காட்சிக்குப் பதிந்தான். சங்கத்து நடுவர் பிரெஸ்காட் வீட்டுக்கே வந்து, குனிந்து பார்த்து, முகம் சுளித்தார்.

"எல்லாம் அருமைம்மா. இந்தக் கம்பியைக் கழட்டிட்டா கோப்பை உங்களுக்குத்தான். ஃபேக்டரியில மாட்டினது இல்லையே இது."

"என் கால் போனது ஃபேக்டரியிலதானே?"

"அக்கா, சும்மா இரேன்," என்றான் கேஸ். "கழட்டிட்டு டிரெய்லர்ல ஏத்திட்டுப் போவோம்."

"கார் டிரெய்லர்ல, நான் பஸ்லயா? நல்ல தம்பிடா நீ."

பிரெஸ்காட் கொஞ்சம் இறங்கி வந்தார். லீவர் அந்தக் காலத்துதான் என்று காகிதம் காட்டினால், மாற்றாமல் காத்த கார்களின் பிரிவில் சேர்க்கலாமாம்.

வெர்னா ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தாள். 'விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு. இழப்பீடு கிடையாது' என்று கம்பெனி எழுதியது. அதன் பின்பக்கத்தில்தான் நண்பர்கள் லீவரை வரைந்து தேதி போட்டிருந்தார்கள்.

பிரெஸ்காட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "அசல் லெட்டர்பேடு! மடிப்புகூடக் கிழியலை! கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைங்க, படம் தெரியற மாதிரி."

"கம்பெனி எழுதின பக்கம்தான் தெரியணும்."

"அதுக்கு மார்க் கிடையாதும்மா."

"வேணாம் போங்க."

கண்காட்சிக்குத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, கம்பெனி எழுதிய பக்கம் தெரியக் கடிதத்தைக் காரின் முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் செருகினாள். பிரெஸ்காட் கடிதத்தைத் திருப்பி வைத்தார். அவள் மறுபடி திருப்பினாள். கோப்பை போயிற்று. ஆனால் சாசேஜ் ரொட்டியும் கையுமாக வந்த கிழட்டுத் தொழிலாளிகள் நின்று படித்தார்கள்.

"எனக்கும் இதே வரிங்கதான் வந்துச்சு," என்றார் இரண்டு விரல் இல்லாத ஒருவர். "பேரு மட்டும் வேற."

அவர் வீட்டுக்குப் போய்த் தன் கடிதத்தை எடுத்துவந்தார். சாயங்காலத்துக்குள் வைப்பருக்கு அடியில் இன்னும் நாலு சேர்ந்துவிட்டன. பிரெஸ்காட் ஆவலோடு ஓடி வந்தார், எந்த வருஷத்துத் தாள் என்று பார்க்க.