பின்கதவுச் சாவி

அந்தப் பூட்டு என் உள்ளங்கையைவிடப் பெரியது. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் தையல் ஹாலில், பின்சுவர் இரும்புக் கதவில் அது தொங்கும். கதவுக்கு மேலே ஒரு பச்சைப் பலகை, அதில் ஓடுகிற மனிதனின் படம். தீப்பிடித்தால் இந்த வழியாக ஓடுங்கள் என்று அர்த்தமாம். ஓடி வந்தவன் பூட்டில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். என் மெஷினை அந்தக் கதவை ஒட்டியே போட்டிருந்தார்கள். ஊசியைப் பார்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பூட்டைத்தான் பார்த்தேன்.

எப்போதோ யாரோ அந்தக் கதவு வழியாகத் தைத்த தோலை வெளியே கடத்திவிட்டார்களாம். அதற்காக ஹால் நிறையப் பெண்களை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். தோல் பத்திரமாக இருந்தது. நாங்கள் பத்திரமாக இருந்தோமா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் முன்வாசல் ஒன்றுதான். அந்த வாசலை ஒட்டித்தான் சூடு வைக்கிற மெஷின், அதன் பக்கத்திலேயே தோலை ஒட்டுகிற சொல்யூஷன் டின்கள். அந்த வாசனை தலைமுடியில் ஏறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை குளித்தாலும் போகாது. ஒரு தீப்பொறி போதும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தைத்தோம்.

சாவி இன்சார்ஜ் சாரிடம் இருந்தது. எங்கள் ஹாலுக்குப் பொறுப்பானவர் அவர். நல்ல மனிதர். சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர் என்பதாலோ என்னவோ, எங்களைத் திட்டும்போதுகூடக் குரல் உயராது. யாருக்காவது வயிற்றுவலி என்றால் காரணம் கேட்காமல் பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

“சார், தீ கீ பிடிச்சா இன்னா சார் பண்றது?”

அவர் சிரித்தார். இடுப்பில் தொங்கிய சாவியைத் தட்டிக் காட்டினார். “சாவி என்கிட்டதான் இருக்குது. இன்னாத்துக்குப் பயப்படறீங்க?”

மனசாரத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து என் பயம் பூட்டை விட்டு அவர் மேல் ஏறிக்கொண்டது. அவர் சாப்பிடப் போனால் பயம், ஆபீஸ் ரூமுக்குப் போனால் பயம். அவருடைய வெள்ளைச் சட்டை கண்ணுக்குத் தெரியும்வரை தையல் ஒழுங்காக ஓடும், மறைந்தால் கோணும்.

எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் சோதனைக்கு வரும் நாளில் மட்டும் பூட்டு காணாமல் போகும். எங்கள் மூக்குக்கு மாஸ்க் வரும். கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும் என்று சொல்லச் சொல்லித் தருவார்கள். சாயங்காலம் மாஸ்க்கை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு, பூட்டையும் மாட்டிவிடுவார்கள்.

அப்படி ஒரு நாளில்தான் அது நடந்தது. சோதனைக்கு வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. காலையிலேயே பின்கதவைத் தள்ளித் திறந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஹாலுக்குள் மெஷின் மெஷினாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக சொல்யூஷன் டின்களைக் குடோனுக்குக் கொண்டுபோய் ஒளிப்பார்கள். அன்று லோடு அவசரமாகப் போக வேண்டியிருந்ததால், டின்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவர் கண்ணில் படாமல் மேலே ஒரு துணியைப் போர்த்தினார்கள். அந்தத் துணி சரிந்து சூடு மெஷினில் பட்டது.

முன்வாசல் பக்கம் குப்பென்று நெருப்பு. கறுப்புப் புகை கூரையோடு எங்களை நோக்கி வந்தது. எல்லோரும் எழுந்து ஓடினோம். எங்கே? கதவுக்கு இல்லை, இன்சார்ஜ் சாரிடம். “சார், சாவி, சாவி” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தோம். அவர் எங்களோடு பின்கதவுக்கு வந்து, சாவியைக் கையில் பிடித்தபடி கதவைத் தடவினார்.

“பூட்டு எங்க? பூட்டு எங்கம்மா?”

காலையில் அதைக் கழற்றி வைத்தவரே அவர்தான். எனக்குக் கதவு கைக்கெட்டும் தூரம். என் பக்கத்து மெஷின்காரி, ஆலங்காயத்துப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, இருமிக்கொண்டே என் முந்தானையைப் பிடித்திருந்தாள். நானும் அவர் திறக்கட்டும் என்றுதான் நின்றேன். அந்தக் கதவு தள்ளினால் திறக்கும் என்பது எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரப் பெண்மணிதான் எங்களை விலக்கிக்கொண்டு வந்து கதவைத் தள்ளினார். அவருக்காகத் திறந்து வைத்திருந்த கதவு. அது திறந்திருக்கும் என்று நம்பியவரும் அவர் ஒருவர்தான்.

யாரும் சாகவில்லை. மணலைக் கொட்டித் தீயை அணைத்தார்கள். அந்தப் பெண்மணி இன்சார்ஜ் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவசரக் கதவு நன்றாக வேலை செய்தது, அவருக்குத் திருப்தி என்று கூட வந்தவர் தமிழில் சொன்னார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று மறுநாள் எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். கையில் லட்டோடு திரும்பிப் பார்த்தேன். கதவில் பூட்டு தொங்கியது.

“சார், மறுபடியுமா?” என்றேன்.

அவர் இடுப்பைத் தட்டவில்லை. “மேல சொல்ட்டாங்கம்மா,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்கும் பயமாத்தான் இருக்குது.”

அதற்கு முன் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. சாவி வைத்திருப்பவரே பயப்படுகிற இடத்தில் எதைப் பார்த்துக்கொண்டு தைப்பது? இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு பஸ் ஏறவில்லை. அவர் ரிட்டயர் ஆகும்வரை அந்தச் சாவியோடு அங்கேயே இருந்து, பிறகு காலமானார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் மகளுக்கு ஷூ வாங்க வேலூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஏசி, பாட்டு, நல்ல கூட்டம். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க, நான் வழக்கம்போல வெளியே போகிற வழியைத் தேடினேன். மூலையில் அதே பச்சைப் பலகை, ஓடுகிற அதே மனிதன். கீழே ஷூ பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் கதவு, அதில் பூட்டு. அங்கே நின்ற சேல்ஸ் பெண்ணிடம் கேட்டேன். என் மகள் வயதுதான் இருக்கும்.

“இந்தக் கதவு தொறக்குமா பாப்பா?”

அவள் சிரித்தாள். “சாவி மேனேஜர் சார்கிட்ட இருக்குது ஆன்ட்டி. பயப்படாதீங்க.”