டர்போவுக்குப் பக்கத்தில் போன நாலு வயர்

எங்கள் பட்டறையில் எஞ்சினைக் கழற்றி மாட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. வயர் என்று வந்துவிட்டால் நான். மங்கலம் ரோட்டில் இந்த ஷெட்டைப் பிடிப்பதற்கு முன்பு நான் ஒரு நிட்டிங் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்தேன். நூல் அறுந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினாலும், நூல் அறாமலே நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சுற்றிச் சுற்றி ஓடும் அந்த மெஷின்களுக்குள் தலையை விட்டு, எந்த வயர் எங்கே உரசுகிறது என்று தேடியே என் கண் பழகிவிட்டது.

அந்தப் பழக்கம் ஒரு காருக்கு முழுசாகப் பயன்பட்டது போன வருஷம்தான்.

காரைக் கொண்டுவந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இங்கே டெய்லராக வேலைக்கு வந்து, இப்போது சின்னதாகச் சொந்தத் தையல் யூனிட் வைத்திருக்கிறாள். கார் அவளைவிடக் கொஞ்சம்தான் இளையது என்று சொல்லும்படி பழையது. டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின்.

"அக்கா, மெதுவாப் போனா ஒழுங்காப் போகுது. கொஞ்சம் மிதிச்சேன்னா கருப்பாப் புகை கக்குது. ஆக்ஸிஜன் சென்சார் போயிட்டுன்னு ரெண்டு இடத்துல புதுசு மாத்திட்டாங்க. மறுபடியும் எஞ்சின் லைட் எரியுது. இதை வித்துத் தொலைன்னு எங்க அண்ணன் ஒத்தக்கால்ல நிக்கான்."

"உனக்கு விக்க மனசு வருதா, கண்ணு?"

"வரலக்கா. நானாப் பாத்து வாங்குன வண்டி. இதுலதான் ஓட்டவே படிச்சேன்."

வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். எஞ்சினை முறுக்கச் சொல்லிக் காது கொடுத்தார்.

"டர்போ நல்லாத்தான் இருக்குது. ஆயில் எரிஞ்சா புகை நீலமா வரும். இது பெட்ரோல் கூடிப் போய் வர்ற கருப்பு. உன்ர வேலை புள்ள இது."

வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்வதுதான் அந்த சென்சாரின் வேலை. அது சொல்வதைக் கேட்டுத்தான் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சாரிலிருந்து நாலு வயர் வரும். இரண்டு அதைச் சூடேற்ற. ஒன்று சேதி கொண்டுபோக. இன்னொன்று அந்தச் சேதிக்கான எர்த். சென்சார் பக்கம் ஒரு நிறம், கார் பக்கம் வேறு நிறம். மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். நின்ற இடத்தில் எல்லாமே சரியாக இருந்தது.

"ஓடும்போதுதான் பார்க்கோணும்" என்றேன்.

சேதி வயரிலிருந்து நீளமாக ஒரு வயர் இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஓட்டினாள். பல்லடம் தாண்டி தாராபுரம் ரோட்டில் போனோம். மீட்டரில் எண் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடினால் நல்லது, சென்சார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். முன்னால் தேங்காய் லாரி ஒன்று போனது. அதை முந்த அவள் மிதித்தாள். எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து அப்படியே கிடந்தது. கண்ணாடியில் பின்னால் கருப்பு.

"என்னக்கா ஆச்சு?"

"செத்துப் போகுது கண்ணு! காலை எடு." எண் திரும்ப ஆடியது. "இன்னொருக்கா மிதி!"

மறுபடியும் விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் காருக்குள் கைதட்டிவிட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"மிதிச்சா எஞ்சின் லேசாச் சாயும். அப்பச் சேதி கொண்டுபோற வயர் எதுலயோ படுது. சேதி போகலீன்னா கம்ப்யூட்டர் காத்து ஜாஸ்தின்னு நினைச்சுட்டுப் பெட்ரோலைக் கொட்டுது. சென்சாரை எத்தனை மாத்தினாலும் இது போகாது."

பட்டறைக்குத் திரும்பி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, டர்போவின் மேல் மூடியிருந்த தகரத்தைக் கழற்றினோம். டர்போவைச் சுழற்றுவது எஞ்சின் கக்கும் கொதிக்கிற புகை. பக்கத்தில் எது போனாலும் வறுபட்டுவிடும். வயரைத் தள்ளிப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் எப்போதோ உடைந்து போயிருந்தது. வயர் தொங்கி, வளைந்து, டர்போவை ஒட்டிக் கிடந்தது. விரலால் தொட்டேன். மேல் உறை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டியது. உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. அதற்கு எதிரே எஞ்சினின் இரும்பு.

அவளைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தவள், "இம்புட்டுக்காணு வயருக்கா அக்கா இவ்வளவு பாடு!" என்றாள்.

சாதாரண வயரை வைத்தால் மறுபடியும் இதே கதி. சாயப்பட்டறைகளில் துணியைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டெண்டர் மெஷினுக்குள் ஓடும் வயர் எனக்கு நினைவு வந்தது. கண்ணாடி நாரில் பின்னிய உறை போட்டது. அந்த அனலுக்கே அசையாது. வீட்டுக்காரர் போய் வாங்கி வந்தார். வந்ததும் சால்டரிங் அயர்னைச் சூடேற்றினார்.

"ஈயம் வெச்சுரலாமா?"

"வேண்டாங்க. டர்போ சூட்டுல இளகிப் போகும். சென்சாரை ஒட்டின வயர்ல ஈயமே ஆகாது. புகையோட ஒப்பிட்டுப் பார்க்க அது வெளிக்காத்தை அந்த வயருக்குள்ளாறதான் இழுக்குது. அடைச்சுப் போட்டா மூச்சில்லை."

அவர் அயர்னை அணைத்துவிட்டு, ஈயமில்லாமல் வயரை நசுக்கி இணைக்கும் கிரிம்ப் பிளையரை எடுத்துக் கையில் கொடுத்தார். கெட்டுப்போன பாகத்தை முழுக்க வெட்டி எறிந்து, புது வயரைப் போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். உடைந்த கிளிப்புக்குப் பதிலாக அவர் ஸ்டீல் பட்டையை வளைத்து ஒன்று செய்தார். வயர் டர்போவை விட்டு ஒரு சாண் தள்ளிப் போனது.

அதே ரோட்டில் மறுபடியும் போனோம். மீட்டர் என் மடியில். "மிதி" என்றேன். மிதித்தாள். எண் விழவில்லை, மேலே ஏறி நின்றது. கார் முதுகில் கை வைத்துத் தள்ளியது போலப் பாய்ந்தது. அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொகையே காணோம்க்கா!"

ஓரமாக நிறுத்தி இறங்கி, என்னை மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்று பார்த்தாள். அப்புறம் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள். "வண்டியை விக்கல. விக்கவே மாட்டேன். போனை வச்சுரு" என்று கத்தியது காருக்குள் இருந்த எனக்கும் கேட்டது.

புகை சோதனையில் அது ஒரே தடவையில் தேறியது. பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் எப்படியோ ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்துகூட இப்போது வண்டி வருகிறது. யாராவது வீட்டுக்காரரிடம் வயரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதை அவிங்ககிட்டக் கேளுங்க" என்று என் பக்கம் கை காட்டிவிட்டு ஸ்பேனரோடு கீழே போய்விடுவார்.

இந்தக் கோடையில் அவள் தன் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்து கொடைக்கானல் கூட்டிப் போனாள். மலைப்பாதை ஏறும்போது அந்த அம்மாவை எனக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறாள். "உங்களுக்கு வண்டிச் சத்தத்தைக் கேக்க வைக்கணுமாம்" என்று சொல்லி, அவர் போனை முன்னால் நீட்டிப் பிடித்தார். நான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுக் கேட்டேன். வளைவில் கியர் மாறியது, திணறாமல் ஏறியது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, நான் நன்றாக வேலை தெரிந்தவள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாகவே இல்லை.